பதில் வராத வளைவு

ஜூலை 6

அக்காவுக்கு,

கையில் போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. போனை எடுத்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், உனக்குத் தெரியும். அதோடு வீட்டில் இருப்பது ஒரே போன். அம்மா அதை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். நாம் பேசுவதற்கு எதிர்வீட்டுக்காரர் நடுவில் பதில் சொல்வார். இது அவருக்கு வேண்டாம்.

நேற்று மத்தியானம் நீ நம் தெருவுக்கு வந்தாய். மஞ்சள் சட்டை, வெள்ளைத் தொப்பி. உன்னோடு நாலைந்து பேர். ரயில் பாலத்தை ஒட்டி, நம் வீட்டுப் பக்கம் நிற்கிற கம்பத்தில் ஏணி போட்டு ஒருவர் ஏறினார். நீ கீழே நின்று கையில் இருந்த கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். நீ நிமிர்ந்தாய். என்னைப் பார்த்தாய். அக்கா என்று கூப்பிட வாயைத் திறந்தேன், வாயில் கடித்துக்கொண்டிருந்த கிளிப்தான் விழுந்தது. அதற்குள் நீ குனிந்துகொண்டாய்.

மறுபடி நிமிர்வாய் என்று ஈரப் போர்வையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால், "அவளுக்கு வேலைன்னா சோறு தண்ணி வேணாம்" என்று பெருமையாகப் பேசுவாள். நீ வேலை பார்க்கிற ரயிலில் ஓட்டுபவரே இல்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஏதோ நீதான் அவரை இறக்கிவிட்ட மாதிரி.

நீ என்னைப் பார்த்தாயா இல்லையா? அது மட்டும் எழுது.

இன்னொன்று. கடிதத்தில் சுண்டெலி என்று எழுதாதே. எனக்குப் பதினாறு வயது ஆகிறது.

தங்கை


ஜூலை 9

சுண்டெலி,

பழக்கம், என்ன செய்வது.

பார்த்தேன். வேலை நேரத்தில் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது மாடியைப் பார்த்துக் கை ஆட்ட முடியாது. அவ்வளவுதான் விஷயம். இதை வைத்து நீ மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருப்பாய்.

நான் இருக்கிற நிலைமை உனக்குத் தெரியாது. எங்கள் ரயில் எப்படி ஓடுகிறது என்று ஒரு தடவை சொல்கிறேன், அம்மாவிடமும் சொல், அவள் கதை கொஞ்சம் சரியாகட்டும். ரயில் போய்க்கொண்டே ரேடியோவில், "இங்கே இருக்கிறேன், போகலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கட்டுப்பாட்டு அறை, "அதுவரைக்கும் போகலாம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். வழியெல்லாம் கம்பங்களில் இருக்கிற பெட்டிகள்தான் அந்தப் பேச்சை வாங்கிக் கொடுக்கின்றன. சில நொடிகள் பதில் வராவிட்டால் ரயில் யோசிக்காது, பிரேக் போட்டு நின்றுவிடும். பதில் தெரியாமல் போவதைவிட நிற்பது மேல் என்றுதான் அதைப் பழக்கியிருக்கிறோம். வகுப்பில் உன்னை எழுப்பிக் கேள்வி கேட்டால் பேச்சு வராமல் நிற்பாயே, அந்த மாதிரி.

போன மாதம் மழையில் உங்கள் வளைவில் இருக்கிற பெட்டியின் கேபிளில் தண்ணீர் இறங்கி ரயில் நின்றது. நான்தான் கேபிளை மாற்றினேன். நான்தான் சரியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரத்திலிருந்து மறுபடி நிற்கிறது. காலையில் நிற்கிறது, சாயங்காலம் நிற்கிறது. மத்தியானம் கருவியோடு போய்ப் பார்த்தால் சிக்னல் கண்ணாடி மாதிரி இருக்கிறது. "உன் வேலைக்கு வெயில் வேணும் போலிருக்கு" என்கிறார் சூப்பர்வைசர். எனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை என்பதை அவர் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அவர் பார்க்கிற பார்வையே போதும்.

நீ எந்நேரமும் மாடியில்தான் இருக்கிறாய். காலையிலும் சாயங்காலமும் அந்தப் பக்கம் புதிதாக என்ன நடக்கிறது என்று பார். யாராவது பெரிய மோட்டார் ஓட்டுகிறார்களா? புது ஆன்டெனா வைத்திருக்கிறார்களா? எனக்கு அங்கே கண் வேண்டும்.

அக்கா


ஜூலை 13

அக்காவுக்கு,

வகுப்பில் நான் நின்றதை நீ வேடிக்கையாக எழுதியிருக்கிறாய். பரவாயில்லை. ரயில் நின்றால் வேன் எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபோது, "கழுதை, உனக்குத் தலையெழுத்து அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நீ விடுதிக்குப் போய்விட்டாய்.

நீ கேட்டதைப் பார்த்தேன். எதிர்வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடுகிறது. ஆனால் அது எப்போதும் ஓடுவதுதான். கம்பத்தின் மேல் ஒரு புறா உட்காருகிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடம் இன்னும் ஒரு மாடி ஏறிவிட்டது. வேறு ஒன்றும் இல்லை.

மழைக்கு ரயில் முதலில் நின்றதே, அது எங்கே நின்றது என்று நீ கேட்கவில்லை. நம் மாடிக்கு நேராக. அப்போதுதான் மழை விட்டிருந்தது. நான் தலைக்குக் குளித்துவிட்டு, அம்மாவின் கிழிந்த நைட்டியில், வாயில் கிளிப்போடு, உள்ளாடைகளை உலர்த்திக்கொண்டிருந்தேன். வழக்கமாக ரயில் ஒரு நொடியில் போய்விடும். யாரும் யாரையும் பார்க்க முடியாது. அன்று நின்றது. ஓட்டுபவர் இருந்தால் முன்னால் ஒருவர்தான் பார்ப்பார். உங்கள் ரயிலில் ஓட்டுபவர் இல்லாததால் முன் கண்ணாடியை ஒட்டி ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். அதில் என்னோடு படித்த அந்த நெட்டைப் பெண்ணும் அவள் கூட்டமும். சீருடையில். கை நீட்டிக் காட்டினார்கள். ஒருத்தி போனைத் தூக்கினாள். எனக்குக் கால் நகரவில்லை. ரயில் கிளம்பும்வரை, உள்ளாடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அந்தப் படம் எல்லாருக்கும் போயிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் எனக்கே கொண்டுவந்து காட்டினாள். "நல்லாத்தான் இருக்கே, ஏன் அழறே?" என்றாள்.

அதிலிருந்து ஒரு மறைப்பு வைத்துக்கொள்கிறேன். காலையிலும் சாயங்காலமும் பள்ளிக்கூடக் கூட்டம் போகிற நேரத்துக்கு மட்டும். பிறகு எடுத்துவிடுவேன். மாடியில் உட்கார்ந்து, தைத்த துணிகளில் நூல் பிசிறு வெட்ட அம்மாவுக்கு வெளிச்சம் வேண்டுமே. நல்ல வேளை வைத்தேன். இப்போது தினமும் அந்த நேரத்தில்தான் ரயில் வந்து நிற்கிறது. மறைப்பு இல்லாவிட்டால் என் கதி என்ன?

நிற்பது நின்றால் நன்றாக இருக்கும். சீக்கிரம் கண்டுபிடி.

தங்கை


ஜூலை 17

சுண்டெலி,

வகுப்பு விஷயத்தை அப்படி எழுதியிருக்கக் கூடாது. கழுதை என்றதும் தப்பு. அன்றைக்கு நான் விடுதிக்குப் போன பேருந்தில் எனக்கும் நன்றாக இல்லை.

படத்தைப் பற்றி ஏன் சொல்லவில்லை? அந்த நெட்டையின் தலைமுடியைப் பிடித்து ரயிலிலிருந்து இறக்கியிருப்பேன். இப்போது சொல்வது சுலபம், தெரியும்.

என்னை வெளி வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கேபிளை நான் ஒழுங்காக இறுக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். திரைக்கு முன்னால் உட்கார்ந்து பழைய பதிவுகளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மாத முடிவில் முடிவு சொல்வார்களாம்.

நான் ஒழுங்காகத்தான் இறுக்கினேன். அது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குக் காட்ட முடியவில்லை.

எல்லா இடத்திலும் ஒரு பெட்டி கேட்காவிட்டால் அடுத்த பெட்டி கேட்கும்படிதான் வைத்திருக்கிறோம். உங்கள் வளைவில் மட்டும், நீ சொன்ன அந்தப் புதுக் கட்டடம் இரும்புக் கம்பியும் கான்கிரீட்டுமாக எழும்பி அடுத்த பெட்டியை மறைத்துவிட்டது. இதை யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். ஆக, அங்கே ரயிலுக்கு ஒரே காதுதான். அந்த ஒரு காதை எது அடைக்கிறது? துணி, கண்ணாடி, மரம் இதெல்லாம் ரேடியோவுக்குப் பெரிதில்லை, நுழைந்து போய்விடும். சுவர் என்றால் கொஞ்சம் களைக்கும். இரும்பு, தகரம் என்றால் முகத்தில் அறைந்த மாதிரி திரும்பிவிடும். லாரி எதையாவது கொண்டுவந்து நிறுத்துகிறார்களா என்று பார்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே.

அக்கா

உன் மறைப்பு துணிதானே?


ஜூலை 24

சுண்டெலி,

பதில் இல்லை.

நேற்றுக் காலை ரயில் உங்கள் வளைவில் நின்றபோது ஒரு பெரியவர் விழுந்துவிட்டார். கம்பியை விட்டுவிட்டுப் பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாராம். மணிக்கட்டு முறிந்துவிட்டது. நெற்றியிலும் தையல்.

ஒரு வரியாவது எழுது.

அக்கா


ஜூலை 26

அக்காவுக்கு,

துணி இல்லை. தகரம்.

அம்மா தையல் கடை வைத்திருந்தபோது வாசலில் மாட்டியிருந்த பலகை. நம் இரண்டு பேர் நீளம் இருக்கும். மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. எழுத்து இருக்கிற பக்கத்தை என் பக்கம் திருப்பி, கைப்பிடிச் சுவரின் மேல் நிறுத்தி, தண்ணீர்த் தொட்டியோடு கயிற்றால் கட்டுவேன். தண்டவாளம் நம் வீட்டைச் சுற்றி வளைவதால், கம்பத்துக்கும் வருகிற ரயிலுக்கும் நடுவில் அது நிற்கும். முதலில் துணிதான் கட்டினேன். காற்றில் பறந்து என் முகம் தெரிந்தது. அதனால்தான் தகரம்.

இது தெரியாமல் செய்தது. அடுத்தது தெரிந்தே செய்தது. அதைத்தான் எழுத முடியாமல் இருந்தேன்.

'உன் மறைப்பு துணிதானே?' என்ற உன் வரியைப் படித்ததும் போய்ப் பலகையைத் தட்டிப் பார்த்தேன். மறுநாள் காலை தகரத்தை வைக்கவில்லை. சுவருக்குப் பின்னால் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டேன். ரயில் வந்தது. நிற்கவில்லை. சர்ரென்று போய்விட்டது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து உனக்கு எழுதியிருக்க வேண்டும். அம்மாவின் போனைப் பிடுங்கிப் பேசியிருக்க வேண்டும். "நம் வீட்டுத் தகரம்தான்" என்று சொன்னால் ஏன் வைத்தாய் என்று கேட்பார்கள். படத்தைக் கேட்பார்கள். உன் அதிகாரிகள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் திரும்பவும் தகரத்தை வைத்தேன். மறுநாளும் வைத்தேன். எல்லா நாளும் வைத்தேன். கயிறு கட்டும்போது உன் நினைவு வரும். நீ கீழே குனிந்துகொண்டதும் நினைவு வரும். அவள் மட்டும் பார்க்காத மாதிரி போகலாமா என்று நினைத்துக்கொண்டு இன்னொரு முடிச்சுப் போடுவேன். அப்படி நினைத்தேன் அக்கா. மறைக்காமல் எழுதுகிறேன்.

பெரியவர் விழுந்த அன்று தகரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். ரயிலுக்குள் சத்தம் கேட்டது. யாரோ சண்டை போடுகிறார்கள் என்று நினைத்தேன்.

அவரை என் கையால் தள்ளிவிட்ட மாதிரி இருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சலா என்று அம்மா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். அவள் தொடும்போதுதான் அதிகமாக இருக்கிறது.

தகரத்தை இறக்கிவிட்டேன். இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

தங்கை


ஜூலை 29

சுண்டெலி,

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். அறையில் இரண்டு பேர் இருந்தார்கள்.

எனக்கு முன்பே தெரியும்.

ரயிலின் நெற்றியில் ஒரு கேமரா இருக்கிறது. நின்ற நேரத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாடி, தண்ணீர்த் தொட்டி, ஒரு தகரம். தகரத்தின் ஒரு மூலை மடங்கியிருந்தது. சின்ன வயதில் நான் சைக்கிளில் வந்து மோதி மடக்கிய மூலை. அதற்கு அம்மா என்னை அடித்த அடி இன்னும் முதுகில் இருக்கிறது. என் தலைக்குப் பின்னால் சூப்பர்வைசர் வந்து நின்றார். "இது யாரு வீடும்மா?" என்று கேட்டார்.

"தெரியல சார்" என்றேன்.

அவர், "சரி, நாளைக்கு விசாரிச்சு வை" என்று போய்விட்டார். அந்த நாளைக்குத்தான் பெரியவர் விழுந்தார்.

அதற்குப் பிறகும் உடனே வாய் திறக்கவில்லை. பதில் எழுது என்று உன்னைக் கேட்டேனே, அப்போது எல்லாம் எனக்குத் தெரியும். நீயாகச் சொன்னால் நான் கண்டுபிடித்ததாக இருக்காது, நீ சொன்னதாக இருக்கும் என்று ஒரு கேவலமான கணக்கு.

ஏன் என்று கேட்பாய். இங்கே சேர்ந்த புதிதில் எல்லாரும் அவரவர் வீட்டைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் வீடு ஒரு அடுக்குமாடியில் என்றேன். அம்மா துணிக்கடை முதலாளி என்றேன். தங்கை டாக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்றேன். ஒரு பொய்க்கு மூன்று பொய் இலவசமாக வந்தது. அன்று கம்பத்தடியில், சுற்று வட்டாரத்து மாடிகளில் ஏறிப் பார்க்க வேண்டும் என்பது என் வேலை. மற்ற எல்லா மாடியிலும் ஏறினேன். நம் மாடியில் மட்டும் ஏறவில்லை. "அங்க ஒண்ணும் இல்ல சார், துணிதான் காயுது" என்றேன். ஏறியிருந்தால் மாடிப்படிக்கு அடியிலேயே அந்தப் பலகையைப் பார்த்திருப்பேன். நீ நினைத்தது சரிதான். வேலை நேரம் என்பதற்காகக் குனியவில்லை. நீ என் தங்கை என்று தெரிந்துவிடுமோ என்றுதான் குனிந்தேன்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இன்று காலை சூப்பர்வைசர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். "அது எங்க வீடு சார். தகரத்தை வச்சது என் தங்கச்சி. தெரிஞ்சும் நான் சொல்லல" என்றேன். அவர் வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். கத்துவார் என்று பார்த்தேன். "டாக்டர் தங்கச்சியா?" என்று கேட்டார். தரை பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

பிறகு வேலை பேசினார். ஒரு வீட்டுத் தகரம் ஒரு ரயிலை நிறுத்த முடிகிறது என்றால், இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு என்றார். கட்டடம் மறைத்த அந்த அடுத்த பெட்டியை இடம் மாற்றப் போகிறார்கள். என் வேலை என்ன ஆகும் என்று சொல்லவில்லை. போய்விடும் என்றே வைத்துக்கொள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆள் இல்லாத ரயிலை ஓட்டிப் பார்க்க வருகிறோம். தகரம் எங்கே, எந்தச் சாய்வில் இருந்தது என்று வைத்துக் காட்ட வேண்டும். அது உனக்குத்தான் தெரியும். அவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள், எல்லாரும் உன்னைத்தான் பார்ப்பார்கள். முடியாது என்றால் சொல், நானும் அம்மாவும் ஊகித்து வைத்துவிடுகிறோம். உன்னை இழுக்க எனக்கு வாய் இல்லை.

அக்கா


ஜூலை 1

அக்காவுக்கு,

நானே வைக்கிறேன். நீயும் அம்மாவும் வைத்தால் ஊரில் உள்ள எல்லா ரயிலும் நின்றுவிடும்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தை மட்டும் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், அதையும் சொல்லிவிட்டேன். வெகுநேரம் ஊசியில் நூல் கோக்கப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கிழிந்த நைட்டி உலகத்துக்கே தெரிந்துவிட்டதே என்றுதான் முதலில் வருத்தப்பட்டாள். பிறகு உன்னைப் பற்றி, "முதலாளின்னா சொன்னா?" என்று கேட்டாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். வியாழக்கிழமை நீயே அவள் முகத்தைப் பார்த்துக்கொள்.

இப்போது பலகையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அதிகாரிகள் வரும்போது எழுத்து வெளிப்பக்கம் இருக்கட்டும் என்கிறாள். ரயிலை நிறுத்தின கடை என்று நாலு பேருக்குத் தெரியட்டுமாம். கேலி செய்கிறாளா, நிஜமாகச் சொல்கிறாளா என்று தெரியவில்லை.

இன்று காலை தகரம் இல்லாமல் மாடியில் உட்கார்ந்து பிசிறு வெட்டினேன். ரயில் சத்தம் வந்ததும் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. சாயங்காலமும் அப்படித்தான். தைரியம் வந்துவிட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். நாளைக்குக் கொஞ்சம் முன்னால் நிமிர்ந்து பார்க்கிறேன்.

அந்தப் பெரியவர் எந்த மருத்துவமனையில் இருக்கிறார் என்று கேட்டு வை. நாம் போக வேண்டும். நான் பேச மாட்டேன், எனக்கு வராது. நீ பேசு. ஆனால் தகரம் வைத்தவள் நான் என்பதை அவர் என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். அவர் திட்டினால் முழுவதும் கேட்டுக்கொண்டு வருவோம்.

மாடிப்படியில் ஒரு படி ஆடுகிறது. உன் சூப்பர்வைசரிடம் சுவர் ஓரமாகக் கால் வைக்கச் சொல். நான் டாக்டருக்குப் படிக்கவில்லை என்பதை அவர் நம் படியைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.

வந்ததும் நேராக மேலே ஏறி வராதே. அன்றைக்கு நின்ற அதே இடத்தில், கம்பத்தடியில் நில். நிமிர்ந்து என்னைப் பார். சுண்டெலி என்று கூப்பிடு. மெதுவாக இல்லை, உன் ஆட்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

நான் பதில் சொல்வேன். வாயைத் திறந்து சத்தம் வரக் கொஞ்சம் நேரம் ஆகும். அதற்குள் குனிந்துவிடாதே.

சுண்டெலி